முதலில் அலமாரியைத் திறந்து பாருங்கள்

சங்கப் பத்திரிகையில் பீரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இந்த மாமி என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் எழுத வந்தது இட்லி மாவைப் பற்றியும், டில்லிக் குளிர்காலத்தில் நம் பஞ்சாபி அண்டை வீட்டார் போடும் காஞ்ஜியைப் பற்றியும்தான். ஆனால் அதற்குப் பீரின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைப் பொறுமையாகப் படித்தால் தெரியும்.

என் மகன் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் வேலை பார்க்கிறான். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "அம்மா, நான் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன்" என்று சாதாரணமாகச் சொன்னான். நான் ஒன்றும் பேசாமல் போனை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. காரணம் உண்டு. என் பெரியப்பா குடியால் நிலத்தை இழந்தார், பிறகு வீட்டை இழந்தார், கடைசியில் ஐம்பது வயது ஆகும் முன்பே போய்ச் சேர்ந்தார். பெரியம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு குழந்தைகளோடு வந்து உட்கார்ந்த நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு, பிள்ளை சொன்ன செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2018-இல் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி. அதில் டப்பா டப்பாவாகத் தானியம். ஒவ்வொரு டப்பாவிலும் எடை எழுதிய காகிதம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். புரட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1980-இலிருந்து நான் என் சமையலறையில் செய்துகொண்டிருக்கும் கணக்கைத்தான் அவன் அங்கே எழுதி வைத்திருந்தான்.

முதல் குளிர்காலம்

நான் கல்யாணமாகி டில்லிக்கு வந்தது 1979-இல். ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். வந்த வருஷம் மழை முடிந்த பருவம். மாவு ஒழுங்காகப் பொங்கியது. பொங்கல் சமயத்தில் மாமனாரும் மாமியாரும் ஒரு மாதம் தங்க வந்தார்கள். ஜனவரி மாதத்து டில்லி எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் செய்வது போலவே ராத்திரி அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, அடுப்பு மேடையில் மூடி வைத்தேன். காலையில் வைத்த மாவு வைத்த இடத்திலேயே, வைத்த அளவிலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் வார்த்தேன். மாமனார் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்துச் சாப்பிட்டு எழுந்தார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாளை எல்லோரும் பீஜி என்று கூப்பிடுவோம். 1947-இல் லாகூரிலிருந்து உடுத்திய துணியோடு வந்து கிங்ஸ்வே முகாமில் தங்கியவர். அன்று மத்தியானம் என் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டார். என் அரைகுறை ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். இட்லியை அவர் அதற்கு முன் தின்றதே இல்லை. ஆனால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. உளுந்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பழைய உளுந்து அது. "பஹலே தேகோ, கர் மே கியா ஹை" என்றார். முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார் என்று அர்த்தம்.

தன் வீட்டிலிருந்து புதிதாக வாங்கிய துலி உரத், அதாவது தோல் நீக்கிய உளுந்து, ஒரு கிண்ணம் கொண்டு வந்தார். என்னிடம் அரிசி இருந்தது, வெந்தயம் இருந்தது, வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஸ்டவ் இருந்தது, டிரங்குப் பெட்டியில் கல்யாணத்துக்குக் கொடுத்த ஒரு ரஜாய் இருந்தது. அன்று இரவு மாவுப் பாத்திரம் ரஜாய்க்குள் தூங்கியது. மறுநாள் பத்து மணிக்கு மாவு பொங்கி நின்றது. மாமனார் எட்டு இட்லி சாப்பிட்டார். நான் எண்ணவில்லை, மாமியார்தான் எண்ணிச் சொன்னார்.

முகாமில் இருந்த நாட்களைப் பற்றிப் பீஜி அதிகம் பேச மாட்டார். ஆனால் இன்று என்ன சமைக்கலாம் என்று அவர் ஒருநாளும் யோசித்து நான் பார்த்ததில்லை. என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார். சமையல் அதற்குப் பிறகு தானாகவே முடிவாகும்.

எங்கே எது விளைகிறதோ

பீருக்கு வருவோம். பார்லியைத் தண்ணீரில் ஊற வைத்து, முளை கட்டவிட்டு, காய வைத்தால் அதற்கு மால்ட் என்று பெயர். முளைக்கும்போது தானியத்துக்குள் சில என்ஸைம்கள் உண்டாகின்றன. மால்ட்டை உடைத்து 65 டிகிரி சுமாரில் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், அந்த என்ஸைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்னும் ஒரு கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அது கசப்பும் வாசனையும் கொடுக்கும், கெடாமலும் காக்கும். ஆற வைத்து ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும். இவ்வளவுதான் பீர்.

இந்தக் கலை ஆதியிலிருந்தே கையில் இருந்த தானியத்தை நம்பி வளர்ந்தது. சிக்கிமில் கேழ்வரகைப் புளிக்க வைத்து மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் தொங்பா உண்டு. நாகாலாந்தில் அரிசியில் செய்யும் ஸுத்தோ உண்டு. 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் போடலாம் என்று சட்டம் வந்தது. கோதுமையும் ரை என்னும் தானியமும் ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் ஈஸ்ட்டின் பெயரே கிடையாது. அப்படி ஒரு உயிர் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து சொன்ன பிறகுதான் புளிப்பது என்பது நுண்ணுயிர்களின் வேலை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இங்கிலாந்தில் 1963-இல் உரிமம் தேவையில்லை என்று ஆனது. அமெரிக்காவில் 1978-இல் மத்தியச் சட்டம் வந்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை, விற்காமல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். நம் டில்லியில் அந்த வழி கிடையாது. 2009-ஆம் வருஷத்து டில்லி கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே அன்பர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுப் பால்கனியில் அண்டா வைக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது அவன் போட்ட கணக்கை மட்டும்தான்.

நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கு

நான் பார்த்த அன்று அவனிடம் இருந்த சரக்கு இது. சாதாரண மால்ட் மூன்று கிலோ. கோதுமை மால்ட் அரை கிலோ. ரை நானூறு கிராம். கருக வறுத்த பார்லி இருநூறு கிராம். ஃப்ரீஸரில் பழைய ஹாப்ஸ் அரைப் பொட்டலம். ஈஸ்ட் ஒரு பொட்டலம், தேதி முடிய ஒரு மாதம்.

"வழக்கமாக இருபது லிட்டர் காய்ச்சுவாயே, இதில் வருமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவனோடு பீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

"வராதும்மா. மூன்றரை கிலோவுக்குப் பதினைந்து லிட்டர்தான். இருபதாக்கினால் தண்ணி மாதிரி இருக்கும்" என்றான்.

"ரை இருக்கிறதே, அதையும் போட்டால்?"

"அது பிசுபிசுன்னு ஆகிடும், வடிக்கவே முடியாது. கறுப்பு பார்லியைப் போட்டா நிறமும் ருசியும் வேற மாதிரி போயிடும். இந்தத் தடவை ரெண்டும் வேண்டாம். ஈஸ்ட்டுக்குத்தான் அவசரம், அதனால இந்த வாரமே காய்ச்சணும்."

எனக்கு அங்கேயே ஒரு விஷயம் தெளிவாயிற்று. இருப்பதை வைத்துச் சமைப்பது என்றால் இருப்பதை எல்லாம் கொட்டுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிவதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

அவன் நோட்டில் எழுதியிருந்ததையும் பீஜி எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்தால் நான்கு கேள்விகள் வருகின்றன. ஒன்று, என்னிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பழையது? இரண்டு, இதில் ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது? மூன்று, எந்தப் பொருள் குறைவாக இருந்து அளவைத் தீர்மானிக்கிறது? நான்கு, இன்றைய சீதோஷ்ணத்துக்கு எது ஒத்துவரும்? இந்த நான்கையும் கேட்ட பிறகுதான் என்ன செய்யப்போகிறோம் என்று பெயர் வைக்க வேண்டும். நாம் பெயரை முதலில் வைத்துவிட்டுப் பிறகு கடைக்கு ஓடுகிறோம்.

நம் மாவுக்கு அதே கணக்கு

இட்லி மாவில் எது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அரிசி மாவுச்சத்து, உடம்பு அதுதான். உளுந்துக்கு இரண்டு வேலை. மாவைப் பொங்க வைக்கும் லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகின்றன. அவை வெளியிடும் வாயுவை ஓடிவிடாமல் பிடித்து வைக்கும் வழவழப்பையும் உளுந்தே தருகிறது. வெந்தயம் அந்த வழவழப்புக்குத் துணை. அவலோ ஒரு பிடிச் சாதமோ போட்டால் மிருது. உப்பு ருசிக்கு மட்டும் அல்ல; அது புளிப்பை மெதுவாக்கும். பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்தால் அது ஈஸ்ட் பொட்டலம் மாதிரி. வேலை சீக்கிரம் துவங்கும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களும் போன தடவையின் அடி ஈஸ்ட்டை எடுத்து வைத்து அடுத்ததற்குப் போடுவார்களாம்.

இந்த வேலைகள் தெரிந்தால் மாற்றுப் பொருள் தானாகத் தெரியும். இட்லி அரிசி தீர்ந்துவிட்டதா? ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் தெரு மளிகைக் கடையில் சேலா என்று கேளுங்கள். சேலா என்பது நம் புழுங்கலரிசிதான். அதிலும் பர்மல் சேலாவாகக் கேட்டு வாங்குங்கள். பாஸ்மதியில் இட்லி வார்க்க வேண்டாம். நானும் ஒருமுறை வார்த்து, புலவு மணக்கும் இட்லியைக் குழந்தைகள் தொடாமல் போனதைப் பார்த்தவள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அலமாரியில் சேலா அரிசி ஐந்து கிண்ணம், உளுந்து ஒரு கிண்ணம், அவல் அரைக் கிண்ணம் இருக்கிறது. இங்கே அளவைத் தீர்மானிப்பது உளுந்து. கிரைண்டர் உள்ளவர்கள் ஒரு கிண்ணம் உளுந்துக்கு நாலு கிண்ணம் அரிசி போடலாம். மிக்ஸியில் அரைப்பவர்கள் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. ஐந்து கிண்ணம் அரிசி இருக்கிறதே என்று ஐந்தையும் ஊறப் போட்டால், என் மகன் சொன்ன தண்ணி பீர் கதைதான். மிச்ச அரிசி அடுத்த நாள் சேவைக்கு ஆகும். அவலில் கால் கிண்ணம் போதும்; முழுவதும் போட்டால் இட்லி பல்லில் ஒட்டும்.

உளுந்து அரைக் கிண்ணம்தான் இருக்கிறதா? அன்று இட்லியை மறந்துவிடுங்கள். இரண்டு கிண்ணம் அரிசியோடு ஒரு மேசைக்கரண்டி வெந்தயமும் கால் கிண்ணம் அவலும் சேர்த்து அரைத்தால் அருமையான வெந்தய தோசை. உளுந்து சுத்தமாக இல்லை, துவரையும் கடலைப் பருப்பும் இருக்கிறது என்றால் அடை. அதைப் புளிக்க வைக்கவே வேண்டாம். உளுந்து வருஷக்கணக்கில் பழையதா? அதை வறுத்து மிளகாய்ப் பொடிக்குத் தள்ளிவிட்டு, மாவுக்குப் புதிதாக வாங்குங்கள். 1980-இல் என்னைத் தலைகுனிய வைத்ததில் குளிருக்குப் பாதிப் பங்கு, அந்தப் பழைய உளுந்துக்குப் பாதிப் பங்கு.

ஆப்பமும் இப்படித்தான். தெற்கே கள் விட்டுப் புளிக்க வைத்தது, கள்ளில் இருக்கும் ஈஸ்ட்டுக்காக. டில்லியில் கள்ளுக்கு எங்கே போவது? கால் டீஸ்பூன் பேக்கரி ஈஸ்ட், அல்லது கொஞ்சம் சர்க்கரை போட்டு ஒரு ராத்திரி வைத்த இளநீர், அந்த வேலையைச் செய்துவிடும்.

குளிரும் வெயிலும்

மாவு பொங்குவதற்கு 26-இலிருந்து 32 டிகிரி வரை சௌகரியம். டில்லியில் ஜனவரி இரவு 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். மே மாதப் பகல் 40-ஐத் தாண்டும். ஆகவே ஒரே முறையை வருஷம் முழுவதும் கடைப்பிடித்தால் ஆறு மாதம் தோற்றுப்போவோம்.

குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, அதிலேயே அரையுங்கள். உப்பை மாவு பொங்கிய பிறகு சேருங்கள். ரஜாய் இல்லாதவர்கள் மின்சார அவனுக்குள் அதன் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை வைக்கலாம். நாங்கள் பல வருஷம் ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசர் மேலேயே வைத்தோம். வோல்டேஜையும் பார்த்துக்கொண்டது, மாவையும் பார்த்துக்கொண்டது. பன்னிரண்டு மணி போதாது. பதினாறு, பதினெட்டு மணி என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அரையுங்கள். ஞாயிறு காலை இட்லி வேண்டுமென்றால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அரைத்தாக வேண்டும்.

மே, ஜூனில் எல்லாம் தலைகீழ். ஐஸ் தண்ணீரில் அரைத்து, உப்பை உடனே போட்டு, ஐந்து மணி நேரத்தில் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். வெந்தயத்தைக் குறையுங்கள்.

கஞ்சி அல்ல, காஞ்ஜி

பீஜி எனக்குக் கொடுத்த இன்னொரு சீதனம் காஞ்ஜி. முதலில் அந்தப் பெயரைக் கேட்டதும், உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கொடுக்கும் நம் கஞ்சி என்று நினைத்துத் தட்டோடு போய் நின்றேன். கண்ணாடித் தம்ளரில் கருஞ்சிவப்பாக, புளிப்பும் காரமுமாக ஒன்றை நீட்டினார். பெயரில் உறவு இருக்கிறது. சமஸ்கிருதத்தில் காஞ்ஜிகம் என்பது புளித்த கஞ்சி நீர். நம் வீட்டுப் பழையதின் நீராகாரமும் அந்தக் குடும்பம்தான்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை டில்லி சப்ஜி மண்டியில் காலி காஜர் என்ற கறுப்புக் காரட் வரும். அரைக் கிலோ காரட்டைத் தோல் சீவி விரல் அளவு நறுக்கிக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் இரண்டு லிட்டர், கரகரப்பாகப் பொடித்த கடுகு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் பர்னியிலோ போட்டு, வாயைத் துணியால் கட்டி, மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறுங்கள். நாலிலிருந்து ஆறு நாளில் புளித்துவிடும். பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காரட் துண்டுகளை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளலாம்.

இங்கேயும் அதே கேள்விதான். காரட் சர்க்கரையையும் நிறத்தையும் கொடுக்கிறது. புளிக்க வைக்கும் பாக்டீரியாவும் அதன் மேலேயே இருக்கிறது. உப்பும் கடுகும் வேண்டாத கிருமிகளை அடக்குகின்றன. ஆகவே கறுப்புக் காரட் இல்லையென்றால் சிவப்புக் காரட்டும் ஒரு பீட்ரூட்டும் போதும். கடுகு குறைவாக இருந்தால் தண்ணீரையும் காரட்டையும் குறைத்துச் சின்ன ஜாடியாகப் போடுங்கள். உப்பை மட்டும் உடம்புக்கு ஆகாது என்று பாதியாக்கிவிடாதீர்கள், ஜாடி கெட்டுப்போகும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அரைத் தம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. மேலே பஞ்சு போலப் பூசணம் பிடித்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ, மாவோ காஞ்ஜியோ அப்படியே கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுகிற சிக்கனம் வேண்டாம். இன்னொன்று, புளிக்கிற எதையும் இறுக மூடாதீர்கள். என் மகன் ஒருமுறை சர்க்கரை மிச்சமிருக்கிறதே என்று பாட்டிலில் அடைக்கும்போது இரண்டு பங்கு போட்டுவிட்டான். பத்தாவது நாள் ராத்திரி மூன்று பாட்டில் வெடித்து அலமாரி முழுக்கக் கண்ணாடித் தூள். நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. இருக்கிறதே என்று போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

மகனும் நானும்

அவன் பீர் காய்ச்சுவதை நான் ஏற்றுக்கொண்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. பெரியம்மாவின் முகம் எனக்கு மறக்காது. ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கதை முழுவதையும் அவனுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை, குடும்ப அவமானம் என்று மூடி வைத்திருந்தேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். "நீ இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா" என்றான். சொல்லியிருக்கலாம்தான். அதற்குப் பிறகு அவன் காய்ச்சுவதை நிறுத்திவிட்டான் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், அவன் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, சிநேகிதர்கள் வரும்போது காய்ச்சுகிறான். எவ்வளவு, எப்போது என்று என்னிடம் மறைக்காமல் சொல்கிறான். நானும் போனை அவன் அப்பாவிடம் கொடுத்துவிடுவதில்லை.

போன டிசம்பரில் டில்லி வந்திருந்தான். காலையில் எழுந்து பல் தேய்த்ததும் நேரே சமையலறைக்குப் போய், அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி, காலண்டரின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினான். கடுகு நிறைய இருந்தது. உளுந்து முக்கால் கிண்ணம். சேலா அரிசி தாராளம். மண்டியில் அன்று கறுப்புக் காரட் வந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டேகால் கிண்ணம் அரிசிக்கு மாவு அரைத்து ரஜாய்க்குள் வைத்தோம். காஞ்ஜி ஜாடியை மாடிக்குத் தூக்கிப் போனான்.

பீஜி இப்போது இல்லை. அவர் கொடுத்த பர்னி இருக்கிறது. விளிம்பில் ஒரு சின்ன உடைசல், அவ்வளவுதான். இந்தக் குளிர்காலத்தில் காஞ்ஜி போட நினைக்கும் சங்கத்துச் சகோதரிகள் யாராவது கேட்டால் இரவல் கொடுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேட்க வரும் முன் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, என்ன இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.